குழந்தை நடத்தைநலப் பயிற்சியை நாடு முழுக்கக் கொண்டுபோவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்றிரண்டு மாவட்டங்களில் நன்றாக நடந்த பயிற்சித் திட்டத்தை நாடு முழுவதும் விரிவாக்கும் பொறுப்பு கைக்கு வந்தவர்களுக்காக எழுதியது இது. அடம், அடிதடி, ஓயாத சண்டை, பள்ளிக்குப் போக மறுப்பு, கவனம் நிற்காமை போன்ற சிக்கல்களோடு வரும் குழந்தைகளின் குடும்பங்களுக்கு உதவ, களத்தில் இருக்கும் பணியாளர்களைத் தயார்செய்யும் பயிற்சிகளைப் பற்றியே பேசுகிறோம்.

இந்தப் பயிற்சியில் யார் யாருக்குக் கற்றுத் தருகிறார்கள்?

செவிலியர், ஆற்றுப்படுத்துநர், ஆசிரியர், சமூகப் பணியாளர், குழந்தை மருத்துவர் போன்றோர் பயிற்சி பெறுகிறார்கள். அவர்கள் பெற்றோருக்குக் கற்றுத் தருகிறார்கள். பெற்றோர் வீட்டில் குழந்தையிடம் செய்து பார்க்கிறார்கள். மாற்றம் நிகழ்வது அந்தக் கடைசி இடத்தில்தான்.

நாடு தழுவிய திட்டம் என்றதும் இந்தச் சங்கிலி இன்னும் நீள்கிறது. மையக் குழு, தலைமைப் பயிற்றுநர், களப் பணியாளர், பெற்றோர், குழந்தை என்று ஆகிவிடும். கை மாறக் கை மாறக் குடத்துத் தண்ணீர் சிந்துவதைப் போல, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் இழப்பீர்கள். எந்தப் படியில் எவ்வளவு சிந்துகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் தலைமையில் இருப்பவரின் முதல் வேலை. எத்தனை பேர் பயிற்சி முடித்தார்கள் என்ற கணக்கு அதற்குப் பிறகு வந்தால் போதும்.

எங்கள் திட்டம் விரிவாக்கத்துக்குத் தயாராக இருக்கிறதா? எதை வைத்து முடிவு செய்வது?

ஒரு கேள்வி போதும். திட்டத்தை உருவாக்கியவர்கள் யாரும் அறையில் இல்லாமல், அவர்கள் நேரடியாகப் பழக்காத ஒரு பயிற்றுநர் நடத்திய வகுப்பிலிருந்து வந்த பணியாளரிடம் குடும்பங்கள் முன்னேறியிருக்கின்றனவா? ஆம் என்று சொல்ல உங்களிடம் பதிவும் அளவீடும் இருந்தால் தயார். இல்லையென்றால் இதுவரை நிரூபணமானது அந்த மூன்று நான்கு பேரின் திறமை மட்டுமே. ஆறு மாதம் செலவானாலும் அந்தச் சோதனையை முதலில் முடித்துவிடுங்கள்.

அதோடு, கையேடு அச்சேறும் நிலையில் இருக்க வேண்டும். பயிற்றுநர் கையேடு, பணியாளர் கையேடு, பெற்றோருக்கான தாள்கள் என்று மூன்றும் தனித்தனியாக வேண்டும். முதல் இரண்டையும் ஒரே புத்தகமாகக் கட்டுவது பரவலான தவறு. பயிற்றுநருக்கு எந்த நடிப்புப் பயிற்சியை (ஒருவர் பெற்றோராகவும் ஒருவர் பணியாளராகவும் நடித்துப் பழகுவதை) எத்தனை நிமிடம் நடத்துவது, எங்கே ஆட்கள் தடுமாறுவார்கள், அப்போது என்ன சொல்வது என்று எழுதித் தர வேண்டும். பணியாளருக்கு அது வெறும் சுமை.

முதல் சுற்றில் எத்தனை பகுதிகளை எடுப்பது?

நான்கு முதல் ஆறு. எளிதாக வரக்கூடிய பகுதிகளை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். ஒரு பெருநகரம், போக்குவரத்து கடினமான ஓர் இடம், வேறு மொழி பேசும் ஓர் இடம், ஆள் பற்றாக்குறை உள்ள ஓர் இடம் கட்டாயம் வேண்டும். எல்லாப் பகுதிகளையும் ஒரே நாளில் தொடங்காமல் மூன்று மூன்று மாத இடைவெளியில் ஒவ்வொன்றாகச் சேர்த்தால் இன்னொரு பலனும் உண்டு. குழந்தையின் நிலையை அளக்கும் கேள்வித்தாளை இன்னும் தொடங்காத பகுதியிலும் நிரப்பி வைத்தால், திட்டத்தால் வந்த மாற்றம் எது, காலப்போக்கில் தானாக வந்த மாற்றம் எது என்று பிரித்துப் பார்க்க முடியும். எந்தப் பகுதி முதலில் என்பதைக் குலுக்கலில் முடிவுசெய்தால் ஒப்பீடு இன்னும் நம்பகமாகும், சிபாரிசுத் தொல்லையும் குறையும்.

ஆண்டுக்கு 5,000 பேருக்குப் பயிற்சி என்று இலக்கு தந்திருக்கிறார்கள். முடியுமா?

வகுப்பு நடத்த முடியும். மண்டபம், சாப்பாடு, சான்றிதழ், புகைப்படம் எல்லாம் சரியாக நடந்துவிடும். அந்த 5,000 பேரில் எத்தனை பேர் ஒரு குடும்பத்துக்காவது முழுத் திட்டத்தையும் நடத்தி முடிப்பார்கள் என்பதுதான் கேள்வி. வகுப்பில் கேட்டது களத்தில் கையில் வருவதற்கு, வகுப்புக்குப் பின் ஒருவர் கூடவே இருந்து திருத்த வேண்டும். அந்த வழிகாட்டிகளின் எண்ணிக்கைதான் உங்கள் வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே கணக்கை அங்கிருந்து தொடங்குங்கள்.

ஒரு சுற்றில் 600 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேருக்கு ஒரு குழு என்றால் 100 குழுக்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரச் சந்திப்பு, ஆறு மாதத்தில் 12 சந்திப்பு; மொத்தம் 1,200. முன்தயாரிப்புக்கும் குறிப்பெழுதவும் அரை மணி சேர்த்தால் 1,800 மணி நேரம். ஒவ்வொருவரும் குடும்பத்தோடு செய்த அமர்வின் காணொளிப் பதிவு மூன்று அனுப்புவார்கள். பார்த்துக் கருத்தெழுத ஒன்றுக்கு 45 நிமிடம் வீதம் 1,350 மணி. ஆக மொத்தம் 3,150 மணி நேரம். ஒரு வழிகாட்டி வாரத்தில் ஒரு நாள், அதாவது உருப்படியாக 6 மணி நேரம், 26 வாரம் தந்தால் 156 மணி. 3,150ஐ 156ஆல் வகுத்தால் 21 வழிகாட்டிகள். மகப்பேறு விடுப்பு, இடமாற்றம், நோய் என்று எதிர்பார்த்து 25 பேரைத் தயார்செய்ய வேண்டும்.

இப்போது திருப்பிப் போடுங்கள். கையில் எட்டு வழிகாட்டிகள்தான் என்றால் அவர்களால் தாங்க முடிவது ஏறக்குறைய 240 பேர். மேலிடத்தில் இந்தக் கணக்கை ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள். "மெதுவாகப் போகலாம்" என்று வாயால் சொன்னால் தயக்கமாகத் தெரியும். கணக்காக வைத்தால், இலக்கைக் குறைப்பதா வழிகாட்டிகளைக் கூட்டுவதா என்ற சரியான விவாதத்துக்கு அது இட்டுச் செல்லும்.

வகுப்பு எத்தனை நாள் இருக்க வேண்டும்?

திட்டத்தைப் பொறுத்தது. சில அளவுகள் தெரிந்தால் உங்களுடையதை ஒப்பிட வசதி. குழந்தை மருத்துவர்களுக்கு மனநலப் பயிற்சி தரும் அமெரிக்காவின் ரீச் நிறுவனம், மூன்று நாள் வகுப்பையும் அதன்பின் ஆறு மாதங்களுக்கு, இரண்டு வாரத்துக்கு ஒன்றாக 12 தொலைபேசிக் கலந்தாய்வுகளையும் ஒரே பயிற்சியாகக் கருதுகிறது. பெற்றோர் குழந்தையோடு விளையாடும்போதே சிகிச்சையாளர் உடனுக்குடன் வழிகாட்டும் முறை ஒன்று உண்டு; உளவியலாளர் ஷீலா ஐபர்க் உருவாக்கிய அந்தப் பெற்றோர்–குழந்தை ஊடாட்டச் சிகிச்சையில் தொடக்கப் பயிற்சி மட்டும் 40 மணி நேரம். பிறகு மேற்பார்வையில் குறைந்தது இரண்டு குடும்பங்களை இறுதிவரை நடத்தி முடித்தால்தான் அங்கீகாரம். வளர்ச்சித் தாமதமுள்ள 2 முதல் 9 வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்காக உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய திறன் பயிற்சியில், குடும்பங்களுக்கு ஒன்பது குழு அமர்வுகளும் மூன்று வீட்டு வருகைகளும் உண்டு.

வகுப்பு நேரத்தில் பாதிக்கு மேல் பங்கேற்பாளர்கள் வாயைத் திறந்து நடித்துப் பழகும் நேரமாக இருக்க வேண்டும். ஸ்லைடுகள் கூடக் கூட நடிப்பு நேரம்தான் முதலில் வெட்டுப்படும். மூன்றாம் நாள் மாலைக்குத் தள்ளிவைத்த நடிப்புப் பயிற்சி நடந்ததாகச் சரித்திரமே இல்லை. ஊருக்கு வண்டி பிடிக்க ஆட்கள் எழுந்துவிடுவார்கள். முதல் நாள் காலையிலேயே தொடங்கிவிடுங்கள்.

வகுப்பு முடிந்து 30 நாட்களுக்குள் முதல் குடும்பத்தைத் தொடங்காதவர்கள் பெரும்பாலும் தொடங்குவதே இல்லை. எனவே வகுப்புக்கு வரும்போதே இரண்டு குடும்பங்களை அடையாளம் கண்டு, அவர்களின் ஒப்புதலோடு வர வேண்டும் என்பதைச் சேர்க்கை விதியாகவே வையுங்கள்.

நூறு பேர் ஆயிரம் பேருக்குக் கற்றுத் தந்தால் தரம் நீர்த்துப்போகாதா?

நீர்த்துப்போகும், தடுக்கவும் முடியும். இதற்கு நல்ல முன்மாதிரி நார்வே. அமெரிக்காவின் ஆரிகனில் ஜெரால்டு பேட்டர்சனும் மேரியன் ஃபோர்காட்ச்சும் சகாக்களும் வளர்த்தெடுத்த பெற்றோர் மேலாண்மைப் பயிற்சியை 1999 முதல் அந்த நாடு தழுவிய சேவையாகக் கொண்டுவந்தார்கள். முதல் தலைமுறைக்கு அமெரிக்கர்கள் நேரடியாகக் கற்றுத் தந்தார்கள். அடுத்த தலைமுறைகளுக்கு நார்வேக்காரர்களே கற்றுத் தந்தார்கள். அமர்வுப் பதிவுகளை ஐந்து கோணங்களில் ஒன்பது புள்ளி அளவுகோலில் மதிப்பிட்டபோது, இரண்டாம் தலைமுறையில் தரம் சற்றுச் சரிந்து, மூன்றாம் தலைமுறையில் முதல் தலைமுறையின் அளவுக்கே மீண்டது தெரிந்தது.

மீட்சிக்கு வேண்டிய ஏற்பாடு எளிதாகப் புரிவதுதான்: பதிவைப் பார்த்து மதிப்பெண் போடும் வழக்கத்தை விடாமல் காப்பது, சான்றிதழை வருகைக்குத் தராமல் மதிப்பெண்ணுக்குத் தருவது, பயிற்சியையும் தரத்தையும் ஒரே தேசிய மையத்தின் பொறுப்பில் வைப்பது. இரண்டாம் தலைமுறைச் சரிவைக் கண்டு பதற வேண்டாம். அதைக் கண்ணுக்குத் தெரியவைக்கும் அளவுகோல் இல்லாமல் போனால்தான் ஆபத்து.

எங்கள் திட்டவட்டமான பரிந்துரை: எந்தத் தலைமைப் பயிற்றுநரும் தன் கையால் குடும்பங்களைப் பார்ப்பதை நிறுத்தக் கூடாது. ஆண்டுக்கு இரண்டு குடும்பமாவது. கற்றுத் தருவதை மட்டும் செய்பவரின் வாயில் இரண்டே ஆண்டில் புத்தக மொழி ஏறிவிடும்.

பயிற்சிக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது?

பதவியைப் பார்த்து எடுக்காதீர்கள். பத்து நிமிட நடிப்புச் சோதனை வையுங்கள். ஒருவர் எரிச்சலில் இருக்கும் அப்பாவாக நடிக்கட்டும். "என் பையனை அடிக்காம வளர்க்க முடியாது மேடம்" என்று தொடங்கட்டும். விண்ணப்பதாரர் உடனே உபதேசத்தில் இறங்குகிறாரா, அந்த அப்பாவின் களைப்பைக் காதில் வாங்குகிறாரா என்பது இரண்டாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடும். அதன்பின் "இப்போது சொன்னதில் இதை மட்டும் மாற்றி மறுபடி செய்யுங்கள்" என்று ஒரு திருத்தம் தாருங்கள். மாற்றிச் செய்ய முடிகிறவரே பயிற்சிக்கு உகந்தவர். முதல் முயற்சி சொதப்பியிருந்தாலும் பரவாயில்லை.

அலுவலகத்தின் எழுத்துபூர்வ உறுதியும் வேண்டும். வாரத்துக்கு நான்கு மணி நேரம், ஓராண்டுக்கு, இந்தப் பணிக்கென ஒதுக்குவதாக மேலதிகாரி கையொப்பமிட்ட கடிதம் இல்லாமல் இருக்கை தராதீர்கள். ஓர் அலுவலகத்திலிருந்து ஒருவரை மட்டும் எடுக்காமல் இரண்டு பேராக எடுங்கள். தனி ஆள் முதல் சிக்கலிலேயே கைவிட்டுவிடுவார்.

மொழிபெயர்ப்பில் என்ன கவனிக்க வேண்டும்?

இதற்கு ஒதுக்கும் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். அகராதிச் சொல் சரியாக இருந்தும் பெற்றோர் காதில் வேறு பொருளில் விழுவதுதான் பெரிய சேதம். தமிழில் மட்டுமே சில எடுத்துக்காட்டுகள்.

'நடத்தை' என்ற சொல்லே ஒரு பொறி. "உங்கள் பிள்ளையின் நடத்தையில் பிரச்சினை" என்றால், "நடத்தை சரியில்லாதவன்" என்ற ஒழுக்கத் தீர்ப்பாக அம்மாவுக்குக் கேட்கும். "அவன் என்ன செய்கிறான், எப்போது செய்கிறான்" என்று வினையாகவே பேசப் பழக்குங்கள். திட்டத்தின் பெயரில் அந்தச் சொல் இருக்கலாம். பெற்றோரிடம் போகும் தாளில் வேண்டாம்.

சிறு தொந்தரவுகளுக்குக் கவனம் தராமல் விடும் உத்தியைப் 'புறக்கணித்தல்' என்று எழுதினால், குழந்தையை ஒதுக்கி வைக்கச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டு சிலர் நாள் முழுக்கப் பேசாமல் இருந்துவிடுவார்கள். 'சிணுங்கலைக் கண்டுகொள்ளாமல் இருப்பது. சிணுங்கல் நின்றதும் உடனே திரும்பிப் பேசுவது' என்று இரண்டு பாதியையும் சேர்த்தே எழுத வேண்டும். 'விளைவு' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'தண்டனை' நுழைவதும் இப்படித்தான்.

பாராட்டில் இன்னொரு நுணுக்கம். "சமத்து", "தங்கம்" என்பவை அன்பைச் சொல்கின்றன. எதற்காக என்று சொல்வதில்லை. "கேட்ட உடனே பொம்மையை எடுத்து வெச்சிட்டியே, ரொம்ப நல்லா இருக்கு" என்பதுதான் கற்றுத் தர வேண்டிய பாராட்டு. கொஞ்சலை நீக்கச் சொல்லாதீர்கள், காரணத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். கட்டளையிலும் கவனம் வேண்டும். "கொஞ்சம் உட்காரேன், உட்காருவியா?" என்பது கேள்வி, "மாட்டேன்" என்பதும் அதற்குச் சரியான பதிலே. "இங்கே என் பக்கத்துல உட்காரு" என்பது கட்டளை. "ஓடாதே" என்பதைவிட "நடந்து வா" குழந்தைக்குச் சுலபம்.

சோதிக்கும் முறை: மொழிபெயர்த்த தாளை ஆறு பெற்றோரிடம் தந்து, "இதைப் படிச்சிட்டு நாளைக்கு வீட்டுல என்ன செய்வீங்க? செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்ப்பதில் சிக்காத பிழைகள் இதில் சிக்கும்.

பகுதிக்கேற்ப எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது?

பெயர்கள், படங்கள், எடுத்துக்காட்டுகள், அமர்வு நேரம், நடத்தும் இடம், அம்மாவோடு பாட்டியும் வருவது இவையெல்லாம் அவரவர் விருப்பம். தொடக் கூடாதவை மூன்று. பெற்றோர் அமர்விலேயே செய்து பழகிக் கருத்துப் பெறுவது. வாரம்தோறும் வீட்டில் செய்து பார்த்து அடுத்த அமர்வை அதிலிருந்து தொடங்குவது. அமர்வுகளின் வரிசை.

வரிசையில்தான் அழுத்தம் அதிகம் வரும். "கண்டிப்பு எப்படி என்று முதலில் சொல்லுங்கள், பெற்றோர் அதைக் கேட்கத்தான் வருகிறார்கள்" என்பார்கள். விளையாட்டு, கவனம், பாராட்டு ஆகியவற்றால் உறவில் கொஞ்சம் ஈரம் வராத வீட்டில் கண்டிப்பு உத்தி பழைய சண்டையின் இன்னொரு வடிவமாகிவிடும். அதை மட்டும் வாங்கிக்கொண்டு நான்காம் வாரத்தில் பெற்றோர் நின்றுவிடவும் செய்வார்கள்.

பணியாளர்கள் நடுவில் எங்கே கைவிடுகிறார்கள்?

கண்டுகொள்ளாமல் விடும் உத்தியைக் கற்றுத் தந்த வாரத்தில். பல நாள் பலித்த அழுகை திடீரென்று பலிக்காமல் போனதும் குழந்தை இன்னும் உரக்க அழும், சில நாட்கள் சிக்கல் கூடும். இது எதிர்பார்க்க வேண்டியதே. ஆனால் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பெற்றோர் "இது எங்க பிள்ளைக்குச் சரிப்படாது" என்பார்கள், பணியாளரும் அதை நம்பிவிடுவார். உச்சத்தில் பெற்றோர் இறங்கி வந்தால் இன்னும் பெரிதாக அழ வேண்டும் என்பதையே குழந்தை கற்றுக்கொள்ளும். அதனால் வழிகாட்டிச் சந்திப்பின் நாட்காட்டியை இந்த வாரத்துக்குப் பொருந்துமாறு போடுங்கள். பெற்றோருக்கு இரண்டாம் நாளும் நான்காம் நாளும் ஐந்து நிமிட அழைப்பு ஒன்றைப் பணியாளரின் பட்டியலில் எழுதி வையுங்கள். குழந்தை தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் செயல்களுக்கு இந்த உத்தி கூடாது என்பதும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆன்லைனிலேயே முழுப் பயிற்சியையும் நடத்தலாமா?

பாடக் கருத்துகளைத் தாராளமாக. வழிகாட்டிச் சந்திப்புக்கோ ஆன்லைன்தான் மிகப் பொருத்தம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் கல்லீரல் மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003இல் தொடங்கிய எக்கோ முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: மையத்தில் நிபுணர் குழு, பல ஊர்களிலிருந்து பணியாளர்கள், ஒவ்வொரு வாரமும் ஒருவர் தன் உண்மையான ஒரு குடும்பத்தை அடையாளம் மறைத்து முன்வைப்பார், எல்லோரும் சேர்ந்து அலசுவார்கள். முதல் நடிப்புப் பயிற்சியை மட்டும் நேரில் வையுங்கள். குரல் தொனி, உட்காரும் உயரம், குழந்தையின் பக்கம் உடல் திரும்புவது போன்றவை கைபேசித் திரையில் தெரியாது.

அமர்வைப் பதிவுசெய்யக் கைபேசி போதும். மேசையில் படுக்க வைக்காமல், குழந்தையின் முகமும் பெற்றோரின் கைகளும் தெரியும்படி இடுப்பு உயரத்தில் நிறுத்த வேண்டும். மின்விசிறிக்குக் கீழே வைத்த பதிவில் பேச்சு கேட்காது. பதிவுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பவே கூடாது. கடவுச்சொல் உள்ள ஒரே தளத்தில் ஏற்றி, கருத்து தந்த 30 நாளில் அழித்து, அழித்த தேதியைக் குறிக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தில் இந்த வரி இருந்தால் பெற்றோரின் தயக்கம் வெகுவாகக் குறையும்.

தரத்தை எப்படி அளப்பது?

மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: பணியாளரின் கை, பெற்றோரின் கை, குழந்தையின் நிலை.

பணியாளருக்கு, உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இலவசமாகத் தரும் ஈக்விப் தளத்தில், குழந்தைகளோடு பணிபுரிவோருக்கான வீஆக்ட் என்ற கருவி இருக்கிறது. நடிப்புக் காட்சியைப் பார்த்து ஒவ்வொரு திறனுக்கும் நான்கு நிலைகளில் மதிப்பிடுவது. முதல் நிலை தீங்கு விளைவிக்கக்கூடியது. எதிலாவது அந்த நிலையில் இருப்பவரை, திருத்தி மறுபடி சோதிக்கும் வரை குடும்பத்திடம் அனுப்பக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பெற்றோருக்கு ஐந்து நிமிடம் எண்ணினால் போதும். மேலே சொன்ன ஊடாட்டச் சிகிச்சையில் முதல் கட்டத் தேர்ச்சிக்கு ஐந்து நிமிட விளையாட்டில் காரணம் சொன்ன பாராட்டு 10, குழந்தை சொன்னதைத் திருப்பிச் சொல்வது 10, குழந்தை செய்வதை விவரிப்பது 10 வர வேண்டும்; கேள்வி, கட்டளை, குறைகூறல் எல்லாம் சேர்ந்து மூன்றுக்கு மேல் போகக் கூடாது. உங்கள் திட்டத்துக்கு இந்த எண்கள் கடுமையாகத் தோன்றலாம். குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எண்ணுவதை விடாதீர்கள். "நல்லா பேசினாங்க" என்ற குறிப்பால் யாருக்கும் பயனில்லை.

குழந்தைக்கு, 25 வினாக்கள் கொண்ட பலங்களும் சிரமங்களும் வினாத்தாளைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அதில் 20 வினாக்கள் சேர்ந்து 0 முதல் 40 வரை சிரம மதிப்பெண் தரும். மீதி ஐந்து பிறரோடு இணங்கும் குணத்துக்கு. அவற்றைக் கூட்டக் கூடாது. அடிக்கடி நேரும் பிழை: தொடக்கத் தாள் கடந்த ஆறு மாதத்தைக் கேட்கிறது. எட்டு வாரப் பயிற்சி முடிந்ததும் அதே தாளை நீட்டினால் பழைய மாதங்களும் சேர்ந்து வந்து முன்னேற்றம் மறைந்துபோகும். பின்தொடர் தாள் தனியாக உண்டு. அது கடந்த ஒரு மாதத்தைக் கேட்கும். இன்னொன்று, வாசகத்தை மாற்றவோ அனுமதியில்லாமல் செயலியில் ஏற்றவோ உரிமையாளர்கள் இடம் தருவதில்லை.

குடும்பங்கள் நிலைமை மிக மோசமான நேரத்தில்தான் வந்து சேர்வார்கள். எதுவும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் இறங்கும். ஆகவே முன்–பின் வித்தியாசத்தை முழுவதும் திட்டத்தின் கணக்கில் எழுதாதீர்கள்.

அமர்வில் குழந்தை துன்புறுத்தல் தெரியவந்தால்?

நடைமுறை முதல் வகுப்புக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் தனி அட்டை: குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளர், உடனடி மருத்துவ உதவி, திட்டத்தின் மூத்த வழிகாட்டி ஆகிய மூவரின் எண்கள், எந்த நேரத்தில் யார் எடுப்பார், எடுக்காவிட்டால் அடுத்து யார். அச்சிடும் முன் அந்த எண்களை நீங்களே அழைத்துப் பாருங்கள். சட்டப்படி யார் யாருக்கு, எவ்வளவு நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். சட்டம் தெரிந்தவர் சரிபார்த்த ஒரே பத்தியாக அது அட்டையின் பின்புறத்தில் இருக்கட்டும். தற்கொலை எண்ணம், சுய காயம், திடீரெனப் பேச்சோ திறமையோ பின்னோக்கிப் போவது, வலிப்பு ஆகியவை இந்தப் பயிற்சியால் தீர்பவை அல்ல. அதே நாளில் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டியவை. ரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதைப் பெற்றோரிடம் முதல் அமர்விலேயே சொல்லிவிடுவது நேர்மை.

பட்ஜெட்டில் எதை மறக்கிறார்கள்?

வழிகாட்டிகளின் நேரம். வகுப்பு நாட்களுக்கு விரிவாக எழுதிவிட்டு வழிகாட்டுதலை "இதர செலவு" ஆக்கிவிடுவார்கள். வகுப்புக்கு ஆகும் தொகைக்குக் குறையாமல் அதற்கு ஒதுக்குங்கள். பெற்றோரின் பயணப்படி, அமர்வின்போது மற்ற குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர், பதிவுகளை மதிப்பிடுவோரின் ஊதியம் ஆகியவையும் விடுபடுபவை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத மையத்தில் மூன்றாம் வாரத்திலிருந்து கூட்டம் பாதியாகும்.

பயிற்சி பெற்றவர்கள் வேலை மாறிப் போனால்?

போவார்கள். நூற்றுக்கு 25 பேர் ஆண்டுதோறும் நகர்வார்கள் என்று வைத்துத் திட்டமிடுங்கள். அங்கீகாரம் பெற்றவர்கள் 400 பேர் என்றால், அந்த எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருக்கவே ஆண்டுக்கு 100 புதியவர்கள் வேண்டும். மூன்றாம் ஆண்டிலிருந்து பயிற்சித் திறனில் பெரும்பகுதி இதற்கே போகும். புதிய பகுதிகளுக்கு இலக்கு போடும்போது இதைக் கழித்துவிட்டுப் போடுங்கள்.

மாதாந்திர அறிக்கையில் என்ன எண்கள் போதும்?

வகுப்பு முடித்து 30 நாளில் முதல் குடும்பத்தைத் தொடங்கியவர்கள், பாதிக்கு மேல் அமர்வுகளுக்கு வந்த குடும்பங்கள், இறுதிவரை முடித்த குடும்பங்கள், பதிவு மதிப்பெண்ணில் தேறியவர்கள், பாதுகாப்பு அட்டையைப் பயன்படுத்த நேர்ந்த தடவைகள். ஐந்தே எண்கள், பகுதிவாரியாக. கடைசி எண் பல மாதம் பூஜ்யமாகவே இருந்தால் அங்கே எல்லாம் நலம் என்று எண்ணாதீர்கள். யாரும் கேட்பதில்லை என்று பொருள் கொண்டு நேரில் போய்ப் பாருங்கள்.

எப்போது விரிவாக்கத்தை நிறுத்தி வைக்க வேண்டும்?

ஒரு பகுதியில் பணியாளருக்கான வழிகாட்டிச் சந்திப்பு தொடர்ந்து இரண்டு முறை ரத்தானால் அங்கே புதிய வகுப்பு கிடையாது. பதிவு அனுப்பியவர்கள் பாதிக்குக் கீழே போனாலும் அப்படியே. நாடு தழுவிய அளவில், வழிகாட்டிகளில் ஐந்தில் ஒருவரின் இடம் காலியானால் அடுத்த சுற்றை மூன்று மாதம் தள்ளிவையுங்கள். இந்த விதிகளைத் திட்டம் தொடங்கும் முன்பே, நிதி தருபவரின் கையொப்பத்தோடு எழுதி வைக்க வேண்டும். நடுவில் கேட்டால் "இன்னும் ஒரு வகுப்பு மட்டும்" என்பார்கள். அந்த ஒரு வகுப்பில் வரும் 30 பேரும் திருத்த ஆளில்லாமல் தலைக்கு இரண்டு குடும்பங்களைப் பார்ப்பார்கள். அந்த 60 வீடுகளில், "முயற்சி செஞ்சு பார்த்தோம், எங்க பிள்ளைக்கு எதுவுமே உதவாது" என்று நம்பிவிட்ட பெற்றோரை மறுபடி ஓர் அமர்வுக்குக் கூட்டி வருவது மிகக் கடினம்.